பதினொரு வரி பில்லும் பதினான்கு வயது மினிவேனும்

வாசகி ஒருவரிடமிருந்து நான்கு பக்கக் கடிதம். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சுருக்கம் இது.

எட்டு மாதத்துக்கு முன்பு, கணவரின் தம்பிக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து ஏழு பேர் உட்காரும் மினிவேன் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். 14 வருட வண்டி, 2,10,000 கிலோமீட்டர் ஓடியது, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். வீட்டில் மூன்று பிள்ளைகள், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த மாமியார். "கதவு பக்கவாட்டில் நகர்வதாலும் தரை தாழ்வாக இருப்பதாலும் அத்தை யார் கையையும் பிடிக்காமல் ஏறிவிடுகிறார். அதற்காகவே வாங்கினோம்" என்கிறார்.

வாங்கிய மூன்றாவது மாதம் தொல்லைகள் தொடங்கியிருக்கின்றன. இருபது நிமிடம் ஓடிச் சூடானதும் இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது ஒரு குலுக்கல். நின்ற இடத்தில் ரிவர்ஸ் போட்டாலும் ஒரு இடி. வேகம் ஏற ஏற அடியிலிருந்து ஒரு முனகல். கூலண்ட் மாதத்துக்கு ஒரு விரற்கடை குறைகிறது. பின் இருக்கைக்கு ஏசி குளிரவில்லை. இரண்டு முறை கேஸ் அடித்தாயிற்று. ஒரு பக்கக் கதவு பாதி திறந்து தானே மூடிக்கொள்கிறது. எஞ்சின் விளக்கு எரிகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனதில் பதினொரு வரியில் ஒரு மதிப்பீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூட்டுத்தொகை வண்டி வாங்கிய விலையையே தாண்டுகிறது. கணவர் 'வந்த விலைக்குத் தள்ளிவிடலாம்' என்கிறார். இவர் கேட்பது மூன்று: சரிசெய்வதா, விற்பதா? 'எஞ்சின் கண்ணாடி மாதிரி இருக்கு' என்று சொல்லி விற்றவரிடம் ஏதாவது கேட்க முடியுமா? நான் ஏமாந்துவிட்டேனா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. நீங்கள் பெரிதாக ஏமாறவில்லை. 14 வயது மினிவேன் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது உங்களுடையது. பழைய வண்டிகளைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பது என் தொழில்; நீங்கள் எழுதிய குறைகளில் நான் முன்பு பார்க்காதது ஒன்றுகூட இல்லை. உங்களைக் கவலைப்பட வைத்திருப்பது வண்டியைவிட அந்தப் பில்தான். அதை மூன்று முறை படித்தேன். பதினொரு வரியில் நான்கு, எந்தச் சோதனையும் செய்யாமல் எழுதப்பட்டவை. அந்த நான்கும்தான் பில்லில் பெரிய தொகைகள்.

பில்லை எப்படிப் படிப்பது

ரூபாயோ டாலரோ எழுதினால் அடுத்த வருடம் பொய்யாகிவிடும். அதனால் நான் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறேன்: உங்கள் வண்டிக்கு ஒரு முறை எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற ஆகும் செலவை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் பிரேக் பேடும் டிஸ்க்கும் 8 பங்கு வரும். ஒரு வீல் பேரிங் 5. வாட்டர் பம்போடு சேர்த்து, எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் 12 முதல் 14. கதவு மோட்டார் 10. ஏசி கம்ப்ரசர் 15. புகையைச் சுத்திகரிக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் 20-க்கு மேல். எஞ்சினின் மேல், கீழ்ப் பாகங்களுக்கு நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் 30. கியர்பாக்ஸ் ஓவரால், அதாவது முழுதாகப் பிரித்துச் சரிசெய்வது, 50, சில வண்டிகளில் 60. பட்டறைக்குப் பட்டறை கூடும், குறையும். ஆனால் எது சில்லறை, எது மூட்டை என்று இதில் தெரிந்துவிடும். உங்கள் பில் இந்தக் கணக்கில் சுமார் 170 பங்கு.

மினிவேனில் செலவு ஏன் இப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு பழமொழி போதும்: சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம். உட்காரும் இடத்தைப் பெரிதாக்க பானெட்டைக் குட்டையாக்கி, ஆறு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்காகத் திணித்திருப்பார்கள். முன்வரிசை மூன்று ஸ்பார்க் பிளக்கை அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பின்வரிசை மூன்றும் கண்ணாடிக்கு அடியில், சுவரை ஒட்டி இருக்கும். பல வண்டிகளில் மேலே இருக்கும், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் கை நுழையும். ஆறு பிளக்கின் விலை கொஞ்சம்தான், கூலி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஆகவே மலிவான உதிரிபாகம் தேடி அலைவதில் பெரிய லாபம் இல்லை. ஒரே கழற்றலில் எத்தனை வேலையை முடிக்கலாம் என்று கேட்டால் பணம் மிஞ்சும். மேனிஃபோல்டு கழற்றும் நாளில் அதன் கேஸ்கட், பின்பக்க வால்வு கவர் கேஸ்கட், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அந்த வால்வு கவர் கேஸ்கட் கசிந்தால் சொட்டும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட்டில் விழுந்து கருகும். தரையில் கறையே இருக்காது.

இங்கே உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டும். 'ஆயில் லீக் இல்லை, அதனால் ஆயில் பார்ப்பதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொட்டுக்கூடக் கீழே விழாமல் ஆயிலைக் குடிக்கும் எஞ்சின்கள் உண்டு. பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் பி.சி.வி. வால்வு அடைத்தாலும் ஆயில் எரிந்து புகையோடு போய்விடும். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, வண்டி சமதளத்தில் நின்று பத்து நிமிடம் ஆன பிறகு, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். இந்த வயது வண்டிக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

கியர்பாக்ஸ்: முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதன் நிலை தெரியாமல் மற்ற எதற்கும் பெரிய பணம் போடாதீர்கள். பிரேக் மட்டும் விலக்கு.

மினிவேனுக்கு கியர்பாக்ஸ்தான் பலவீனம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் உண்மை உண்டு. சாதாரண செடான் காரின் கியர்பாக்ஸ் குடும்பத்தையே எடுத்து, இரண்டு டன் எடையுள்ள வண்டியில் வைத்து, ஏழு பேரையும் சாமானையும் ஏற்றினால் சூடு ஏறும். 1989-இல் கிரைஸ்லர் தன் மினிவேன்களில் கொண்டுவந்த, எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் இயங்கும் நான்கு வேக கியர்பாக்ஸ் இதற்குப் பேர்போனது; அதற்கென்று சொன்ன ஆயிலை விட்டுவிட்டுக் கைக்குக் கிடைத்த பொது ஆயிலை ஊற்றியதால் கெட்டவையும் அதில் நிறைய. 2004-இல் ஹோண்டா நிறுவனம் ஒடிஸி மினிவேன் உள்படப் பல வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், இரண்டாம் கியரில் சூடு சேர்ந்து பற்கள் பலவீனமாவது. அந்த இடத்துக்குக் கூடுதல் ஆயில் பாய வழி செய்து கொடுத்தார்கள். எதிரி சூடுதான், ஆயில்தான் அதற்கு மருந்து என்பது இந்த இரண்டு கதையிலும் தெரிகிறது.

ஆனால் எல்லாக் குலுக்கலும் கியர்பாக்ஸிலிருந்து வருவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, 'நின்ற இடத்தில் ரிவர்ஸ் போட்டாலும் இடிக்கிறது' என்பது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தால் இதே இடிதான் கேட்கும். குறுக்காக வைத்த கனமான எஞ்சின், கியர் விழும்போது முன்னும் பின்னும் ஆடி முட்டும். சூடானதும் ரப்பர் இளகுவதால் ஆட்டம் கூடும். நீங்களே பார்க்கலாம்: பானெட்டைத் திறந்து வையுங்கள். கணவர் உள்ளே உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கையும் கால் பிரேக்கையும் அழுத்திப் பிடித்தபடி டி-யிலிருந்து (முன்னோக்கி) ஆர்-க்கும் (ரிவர்ஸ்), ஆர்-லிருந்து டி-க்கும் மாற்றட்டும். ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கக் கூடாது. நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள்; வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது. எஞ்சின் லேசாக அசைந்தால் சரி. எழுந்து உட்காருவதுபோல் துள்ளினால் மவுண்ட் போய்விட்டது. அது 6 பங்கு வேலை.

அடுத்தது ஆயில். டிப்ஸ்டிக் இருந்தால் வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பட்டறையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் ஆயில் புதிதாக இருக்கும்போது சிவப்பு. இளம் பழுப்பு என்றால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். காபிக் கறுப்பும் கருகிய வாசனையும் என்றால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிகின்றன. துணியைச் சாய்த்துப் பார்க்கும்போது மினுமினுவென்று உலோகப் பொடி தெரிந்தால், சரி, அப்போது ஓவரால் பேச்சை எடுக்கலாம்.

'லைஃப்டைம் ஆயில், மாற்றவே தேவையில்லை' என்று விற்றவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வாரண்டிக் காலத்துக்கு அது பொருந்தலாம். 14 வருட வண்டிக்குப் பொருந்தாது. அதே சமயம், பட்டறையில் சொன்ன அழுத்த ஃப்ளஷ், அதாவது கருவியால் அழுத்தம் கொடுத்துப் பழைய ஆயிலைக் கழுவித் தள்ளுவது, வேண்டாம் என்பது என் கட்சி. இதில் மெக்கானிக்குகளுக்குள் சண்டை உண்டு. கவனிக்காமல் விட்ட கியர்பாக்ஸில் படிந்திருப்பதைக் கிளறிவிட்டு வால்வுகளை அடைத்துக்கொண்டு வந்த வண்டிகளைப் பார்த்திருப்பதால் நான் இந்தப் பக்கம். வடித்து ஊற்றும் முறை போதும். ஒரு முறை வடித்தால் பாதிக்கும் குறைவான ஆயில்தான் வெளியே வரும். மீதி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு மூன்று முறை செய்ய வேண்டும். கையேட்டில் எழுதியிருக்கும் அதே வகை ஆயில், வேறெதுவும் கூடாது.

கடைசியாக, வண்டியின் கணினியில் பதிந்திருக்கும் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர். நீங்கள் அனுப்பிய அச்சுத்தாளில் எஞ்சினுக்கான ஒரு பிழைக் குறியீடு மட்டும் இருக்கிறது; கியர்பாக்ஸ் பற்றி ஒரு குறியீடுகூட இல்லை. பட்டறைக்காரர் வண்டியைச் சூடாக்கி ஓட்டிப் பார்க்கவும் இல்லை. லிஃப்டில் தூக்கி வைத்தே ஓவரால் என்று எழுதிவிட்டார். என் அனுபவத்தில் இப்படி வந்தவற்றில் கணிசமானவை மவுண்ட், ஆயில், ஒரு சோலனாய்டு (ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின்வால்வு) ஆகியவற்றோடு முடிந்திருக்கின்றன. உங்களுடையதும் அப்படித்தான் முடியும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பார்க்காமல் 50 பங்கு கொடுக்காதீர்கள் என்கிறேன்.

கூலண்ட், எஞ்சின் விளக்கு, பின் ஏசி

ஹெட் கேஸ்கட் என்று எழுதியதும் சோதிக்காமல்தான். எஞ்சின் ஓவர்ஹீட் ஆகவில்லை, வெள்ளைப் புகை இல்லை, ஆயில் மூடியில் மோர் போன்ற நுரை இல்லை என்கிறீர்கள். மினிவேனுக்கென்றே ஒரு விஷயம் உண்டு: பின் இருக்கைக்கு ஹீட்டர் வைத்த வண்டிகளில் கூலண்ட் குழாய்கள் வண்டியின் அடிப்பகுதி நெடுகப் பின்னால்வரை போய்த் திரும்பும். சேறும் ஈரமும் பட்டு அவை துருப்பிடித்து ஊசித்துளை விடும். கசிவது ஓடும்போது மட்டும் என்றால் நிறுத்திய இடத்தில் ஈரம்கூடத் தெரியாது. எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அழுத்தம் இறங்கினால் அடியில் படுத்துக் குழாய் வழியே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் சந்தேகம் என்றால், கூலண்டில் எஞ்சினுக்குள் எரிந்த வாயு கலக்கிறதா என்று நீலத் திரவத்தை வைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. கலந்தால் நிறம் மஞ்சளாகும். இரண்டும் சேர்ந்து 2 பங்கு செலவு. 30 பங்கு வேலைக்கு முன் இதைச் செய்யாத பட்டறையை நான் நம்ப மாட்டேன். அப்புறம், சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்துவிடாதீர்கள், பிள்ளைகளையும் கிட்டே விடாதீர்கள்.

எஞ்சின் விளக்குக்கான குறியீடு பி0420. கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று பொருள். கன்வெர்ட்டரை மாற்று என்று அர்த்தமில்லை. எக்ஸாஸ்ட்டில் சிறு கசிவு, களைத்த ஆக்சிஜன் சென்சார், பழைய பிளக்கால் வரும் மிஸ்ஸிங், எரியும் ஆயில் ஆகியவையும் இதே குறியீட்டைக் கொண்டுவரும். முதலில் பிளக். விளக்கு நிதானமாக எரிந்தால் ஓட்டலாம். கண் சிமிட்டினால் மட்டும் ஓரம்கட்டிவிடுங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதை நிஜமாகவே கொன்றுவிடும்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவது அல்ல. மூடிய சுற்று அது. குறைந்தால் கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் இரண்டு முறை அடித்தது வீண் செலவுதான், அதை விடுங்கள். முன்னால் நன்றாகக் குளிர்கிறது, பின்னால் மட்டும் சூடான காற்று என்றால் கம்ப்ரசர் வேலை செய்கிறது. பின்பக்கக் காற்றுத் தடுப்பைத் திருப்பும் சின்ன மோட்டார் சிக்கியிருக்கலாம். இது அவசரமே இல்லை.

தள்ளிப்போடக் கூடாத மூன்று

1. டைமிங் பெல்ட். உங்கள் வண்டியில் செயின் இல்லை, பெல்ட்தான் என்று கையேட்டுப் பக்கத்திலிருந்து உறுதியாகிறது. இதைப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே மாறும்: டொயோட்டா சியன்னாவில் 2006 வரை பெல்ட், 2007-இல் வந்த 3.5 லிட்டர் எஞ்சினில் செயின். விற்றவர் 'மாற்றியாச்சு' என்றார், பில் இல்லை என்கிறீர்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பல வண்டிகளில் இதன் ஆயுள் 1,00,000 முதல் 1,60,000 கிலோமீட்டர் அல்லது 7 முதல் 10 வருடம், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் வண்டி இரண்டையும் தாண்டிவிட்டது. எஞ்சினின் வகையைப் பொறுத்து, பெல்ட் அறுந்தால் திறந்து நிற்கும் வால்வுகளில் பிஸ்டன் மோதி எஞ்சினே போய்விடும். அது முன்னறிவிப்பு கொடுக்காது. வாட்டர் பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இரண்டும் அதே கழற்றலில் மாற்றப்பட வேண்டும்.

2. முன் பிரேக். பேடு 2 மில்லிமீட்டர் என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். பில்லில் உருப்படியான வரி அது. ஏழு பேர் ஏறும் வண்டி.

3. வீல் பேரிங். முனகல் வண்டியின் வேகத்தோடு ஏறுகிறதா, எஞ்சின் வேகத்தோடா என்று கவனியுங்கள். காலியான சாலையில் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் திருப்பும்போது, இடப்பக்கம் திருப்பினால் சத்தம் கூடினால் குற்றவாளி பெரும்பாலும் வலது பேரிங். வண்டியின் எடை அந்தப் பக்கம் சாய்வதால் அப்படி. திருப்பும்போது எந்த மாற்றமும் இல்லையென்றால் டயர் ஒழுங்கற்றுத் தேய்ந்திருக்கலாம், அதுவும் இப்படித்தான் முனகும். டயரை முன்பின் மாற்றிப் போட்டு, சத்தம் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். 'இரண்டு பக்கமும் மாற்றணும்' என்று எழுதியிருப்பதற்குக் காரணம் கேளுங்கள். கெட்டதை மட்டும் மாற்றினால் போதும்.

இவற்றோடு லிஃப்டில் இருக்கும்போது ஒரு காரியம்: அடிச்சட்டம், ஜாக் வைக்கும் இடங்கள், பின் ஆக்சில் ஆகியவற்றில் துரு எவ்வளவு என்று சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 2010-இல் ஃபோர்டு நிறுவனம் 1998 முதல் 2003 வரையிலான விண்ட்ஸ்டார் மினிவேன்களைத் திரும்ப அழைத்தது, பின் ஆக்சில் துருப்பிடித்து முறியக்கூடும் என்பதற்காக. மேல்தோல் துரு பரவாயில்லை. தட்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் நான் இதுவரை எழுதிய எதையும் செய்ய வேண்டாம். அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றவும் வேண்டாம்.

அத்தையின் கதவு

இதைப் பில்லில் 10 பங்குக்கு மோட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். கதவின் பவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். பிள்ளைகள் தள்ளினாலே ஓட வேண்டும். எங்கோ இறுகினால் மோட்டார் மேல் பழி இல்லை: கீழ்த்தடத்தில் பிஸ்கட் தூளும் மண்ணும் சேர்ந்திருக்கும், அல்லது நடுத்தடத்தில் ஓடும் உருளையின் பேரிங் தேய்ந்து கதவு சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும், அல்லது கதவை இழுக்கும் கேபிளின் இழைகள் பிரிந்திருக்கும். தடை அதிகமானதும் 'நடுவில் யாரோ மாட்டிக்கொண்டார்கள்' என்று எண்ணி மோட்டார் கதவைத் திருப்பிவிடுகிறது. அது பாதுகாப்புக்கு வைத்த ஏற்பாடு. தன் வேலையைத்தான் செய்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் கடிதப்படி இது பெட்ரோல் ஊற்றும் பக்கத்துக் கதவு. பல மினிவேன்களில் பெட்ரோல் மூடி திறந்திருக்கும்போது கதவு அதில் இடிக்காமலிருக்க ஒரு தடுப்பு உண்டு. சில வருடம் முன்பு என்னிடம் வந்த ஒரு குடும்பம் வேறொரு பட்டறையில் கதவு மோட்டாரையே மாற்றியிருந்தது. கதவு அப்போதும் பாதியில் நின்றது. பெட்ரோல் மூடியின் கீலில் இருந்த ஒரு நெம்புகோல் துருவில் சிக்கி, மூடி திறந்திருப்பதாகவே கதவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டோம், சரியாகிவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில், முதல் மோட்டாருக்கு நான்தான் பணம் வாங்கினேன் போலிருந்தது.

விற்றவரிடம் கேட்கலாமா?

நான் வக்கீல் அல்ல. இப்படிப்பட்ட தகராறுகளில் தொழில்நுட்ப அறிக்கை கொடுத்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் பொதுவாக வணிகரிடம் வாங்கியவருக்கு இருக்கும் பாதுகாப்பு தனிநபரிடம் வாங்கியவருக்கு இருக்காது. 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பேரிங், பிரேக், மவுண்ட் எல்லாம் தேய்மானம். அதைக் குறைபாடு என்று வாதாடுவது கடினம். 'கண்ணாடி மாதிரி' என்பதெல்லாம் விற்பவர் வாய்ச்சொல். தெரிந்தே மறைத்தார், கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னார், மீட்டரைத் திருப்பினார் என்று நிரூபிக்க முடிந்தால் கதை வேறு. பெல்ட் மாற்றியதாக அவர் உங்களுக்கு அனுப்பிய குறுஞ்செய்தி இருக்கிறது என்கிறீர்களே, அதை அழிக்காதீர்கள். ஆனால் எட்டு மாதம் ஓட்டியாயிற்று. முழு வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கில் பணமும் நேரமும் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெல்ட் செலவில் ஒரு பங்கைக் கேட்டு மரியாதையாக எழுதலாம். மைத்துனருக்குத் தெரிந்தவர் என்பதால் வீட்டுக்குள் என்ன ஆகும் என்பதையும் நீங்கள்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேட்காமலே கிடைக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்த வேலைகள், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பெரும்பாலும் இலவசம். தயாரிப்பாளரின் தளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். தகாட்டா ஏர்பேக் விவகாரத்தில் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகள் அழைக்கப்பட்டன, மினிவேன்களும் அதில் உண்டு. உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகளை வீசிவிடும். முந்தைய உரிமையாளர் செய்துகொள்ளாமல் விட்டிருந்தால் அது இன்னும் உங்கள் ஸ்டியரிங்குக்குள் இருக்கும். இதை இன்றைக்கே பாருங்கள். ஒருவேளை கதவுக்கும் ஏதாவது அழைப்பு இருக்கலாம்: 2016-இல் டொயோட்டா 2011 முதல் 2016 வரையிலான சியன்னாக்களைப் பக்கவாட்டுக் கதவுக்காகவே அழைத்தது.

வைத்துக்கொள்வதா, விற்பதா

'பழுதுச் செலவு வண்டி விலையைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும்' என்று உங்கள் கணவர் சொல்வது எல்லோரும் சொல்லும் கணக்கு. அது காப்பீட்டு நிறுவனத்துக்குச் சரியான கணக்கு, குடும்பத்துக்குப் பொருந்தாது. இதை விற்றுவிட்டு அதே பணத்தில் வாங்கப்போவதும் யாரோ ஒருவரின் 14 வயது வண்டிதான். அதன் பெல்ட் எப்போது மாற்றியது என்று அதிலும் தெரியாது. ஆகவே போடும் பணத்தை, அது வாங்கித்தரும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள்.

பெல்ட் 13, பிரேக் 8, ஒரு பேரிங் 5, மவுண்ட் 6, பிளக் 5, மூன்று முறை கியர்பாக்ஸ் ஆயில் 6, சோதனைகள் 2. மொத்தம் 45 பங்கு. பில்லில் கால்வாசியைச் சற்றுத் தாண்டும். துரு இல்லாமல், கியர்பாக்ஸும் தேறிவிட்டால், இதைக் கொண்டு இன்னும் இரண்டு வருடம் எதிர்பார்ப்பது பேராசை அல்ல. மாதத்துக்கு 2 பங்குக்கும் குறைவு. அந்த விலைக்கு வாடகை வண்டி கிடைக்குமா என்று பாருங்கள்.

கியர்பாக்ஸ் ஆயிலில் உலோகப் பொடி வந்தால் நான் கணவர் பக்கம். ஓவரால் செய்யாதீர்கள், பெல்ட்டுக்கும் பணம் போடாதீர்கள். குறையை எழுத்தில் சொல்லி, உள்ள நிலையில் விற்றுவிடுங்கள். உங்களிடம் மறைத்ததை நீங்கள் இன்னொருவரிடம் மறைக்க வேண்டாம். இந்த எட்டு மாதத்தில் ஏற்கெனவே போட்ட பணத்தை இரண்டு முடிவுக்கும் கணக்கில் சேர்க்காதீர்கள். அது போனது போனதுதான்.

பட்டறையை மாற்றுவீர்களோ, அங்கேயே போவீர்களோ, வேலை தொடங்குமுன் உதிரிபாகத்தையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 'நடுவில் வேறு ஏதாவது தெரிந்தால் போன் செய்து கேட்ட பிறகே தொடவும்' என்று அதில் ஒரு வரி சேருங்கள். எஞ்சின் ஃப்ளஷ் என்ற பதினோராவது வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். கழற்றிய பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். அதன் முதுகில் அச்சிட்ட எழுத்துகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தால் விற்றவர் சொன்னது உண்மையாக இருக்கலாம், அவருக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. எழுத்தெல்லாம் அழிந்து முதுகு கண்ணாடிபோல் பளபளத்தால், 'கண்ணாடி மாதிரி இருக்கு' என்று அவர் சொன்னது அதைத்தான் போலிருக்கிறது. ஒரு படம் எடுத்து அந்தக் குறுஞ்செய்தியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.